ரேடியம் ஊசியும் எண்ணாமல் போட்ட ஒன்பது கோடும்

வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்கள் சூப்பரின்டென்டன்ட் அம்மா என்னை உங்கள் முன்னால் நிறுத்தி, "இவங்க ரேடியம் வெச்சிருந்த காலத்துல வேலை பார்த்தவங்க, ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதுமே வராது. உங்களில் ஒரு பெண் எனக்கு உதவி செய்கிற மாதிரி, "ரேடியம்னா வண்டி நம்பர் பிளேட்ல ஒட்டுவாங்களே, அதானேங்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து கையும் காலும் ஒரு இடத்தில் இல்லை. கதவைச் சாத்தினேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறேன். பேச வராததை எழுதியாவது தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் தள்ளிவிட்டுப் படியுங்கள்.

முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில். வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் ரேடியம் ஒரு துளியும் கிடையாது. வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கும், அவ்வளவுதான். பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நிஜ ரேடியம் ஓர் உலோகம். வெள்ளி மாதிரி வெள்ளையாக இருக்குமாம், காற்றுப் பட்டால் கறுத்துவிடுமாம். 'இருக்குமாம்' என்று எழுதுகிறேன், ஏனென்றால் அத்தனை வருஷம் அதோடு வேலை பார்த்தும் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்தது ஊசியைத்தான். பிளாட்டினத்தில் மெல்லிய குழல், உள்ளே அடைத்து மூடிய ரேடியம் உப்பு. ஒரு நுனி கூர், மறு நுனியில் தையல் ஊசிக்கு இருப்பது போல ஒரு காது. அந்தக் காதில் கறுப்புப் பட்டு நூல் கோத்திருக்கும். புற்றுக் கட்டி எங்கே இருக்கிறதோ அந்தச் சதைக்குள் ஊசியைச் செருகி, ஐந்தாறு நாள் அப்படியே வைத்திருந்து, கட்டி கருகியதும் நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடுவார்கள்.

"இது ஒரு அடுப்பு மாதிரிம்மா. விறகு வேண்டாம், தானா எரியும். அணைக்கத்தான் முடியாது. ஆயிரத்து அறுநூறு வருஷம் போனாலும் பாதிதான் தீர்ந்திருக்கும்" என்று டாக்டர் ஐயா ஒரு நாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். பழைய கைக்கடிகாரத்து முள்ளில் பச்சையாக மினுங்குமே, அதுவும் இதைப் பூசியதுதான் என்று தன் வாட்சைக் கழற்றிக் காட்டினார். நான் அதை எட்ட நின்றே பார்த்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நெருப்பென்றால் சுடும், கையை எடுத்துக்கொள்வோம். இது சுடாது. மணக்காது. சத்தம் போடாது. எனக்கு அதுதான் பயம்.

அப்போது நம் ஆஸ்பத்திரி இவ்வளவு பெரிசு இல்லை. வராண்டாவின் கோடியில் ஒற்றைக் கட்டில் போட்ட அறை ஒன்று உண்டு. கட்டிலைச் சுற்றி இடுப்பளவு ஈயத் தட்டி. ரேடியம் வைத்த நோயாளியை அங்கேதான் படுக்க வைப்பார்கள். ஜல்தியாகப் போய் ஜல்தியாக வர வேண்டும், எட்டி நிற்க வேண்டும், ஈயத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஒருவரே போய்ப் போய் வந்தால் உடம்புக்கு ஆகாது என்று எங்கள் பெரிய சிஸ்டர் வேலையைப் பங்கு போட்டார். குழந்தை பெற வேண்டிய வயசுப் பெண்களை அந்தப் பக்கமே விடமாட்டார். எனக்கு இரண்டாவது பிள்ளையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. அதனால் வார்டு ஆயாக்களில் என்னையும் அந்தப் பங்கில் சேர்த்தார்.

என் பங்கு எண்ணுவது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தட்டிக்குப் பின்னால் நின்று, நோயாளியிடமிருந்து வெளியே தொங்கும் நூல்களை எண்ண வேண்டும். நூல் எத்தனையோ ஊசி அத்தனை. கதவில் தொங்கும் சிலேட்டில் அத்தனை கோடு போட வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால்தான் அறையிலிருந்து எதுவும் வெளியே போகலாம். அழுக்குத் துணி, எச்சில் கிண்ணம், சாப்பிட்ட தட்டு, கூட்டிய குப்பை எல்லாம் சிலேட்டில் கோடு விழும் வரைக்கும் உள்ளேதான் காத்திருக்கும். பெரிய டாக்டரே சொன்னாலும் போகாது. ஐந்தாவது படித்த என் கோட்டுக்கு அந்த மரியாதை இருந்தது. உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் கன்னியம்மாள் வந்தார். தேவிகாபுரத்துக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவர் வேலை பாவு பிணைப்பது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவை ஏற்றுவார்கள் இல்லையா, அப்போது பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து, முடிச்சே தெரியாமல் விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, வாயில் வெற்றிலையும் புகையிலையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால், முடித்துத்தான் எழுந்திருப்பார்கள். அந்தப் புகையிலை அடக்கிய வலது கன்னத்தில்தான் கட்டி. டாக்டர் ஐயா கன்னத்தில் ஒன்பது ஊசி வைத்தார். நூல்கள் வாயோரமாக வெளியே வந்து கன்னத்தில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தன.

அவரைப் பேசக் கூடாது என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார்.

"இன்னா தங்கச்சி, அங்கேயே நின்னுகினு பாக்கற? எனக்கு இன்னா அம்மையா போட்டிருக்கு?"

"இல்லக்கா. ஊசியோட கதிரு எங்களுக்கு ஆகாது."

"கதிரா? வாய்க்குள்ள காஸ் லைட்டா கொளுத்தி வெச்சிருக்காரு உங்க டாக்டரு? ஊருக்குப் போனா கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் போல."

நான் தட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் எண்ணப் போனபோது அவர் போர்வை ஓரத்துக் குஞ்சத்தை இரண்டிரண்டு இழையாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கையை சும்மா வெச்சிகினு இருக்கத் தெரியலடி. பேஜாரா கீது. தறி இல்லாத எடத்துல இந்த கை இன்னா பண்ணும்?" என்றார்.

நானும் நெசவு வீட்டில் பிறந்தவள். அந்த விரல் போகும் வேகத்தைப் பார்த்து எனக்கு ஆசையாக இருந்தது. நூலை எண்ணினேன். ஒன்பது. கோடு போட்டேன். வந்துவிட்டேன். போர்வையை முறுக்கும் கை வேறு எதை முறுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கை அது.

நாலாம் நாள் காலை. கன்னியம்மாளின் மருமகள் செல்வி வராண்டாவில் நின்றிருந்தாள். சின்னப் பெண், கையில் தூக்குச் சட்டி. தினமும் மாமியாருக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்து கொடுத்து, அழுக்கை வாங்கிக்கொண்டு போவாள். அன்றைக்கு அவளுக்கு அவசரம்.

"அக்கா, கொஞ்சம் ஜல்தி. இந்த பஸ்ஸை வுட்டா வெயில்லதான் போவணும். பாலுக்கு குழந்தை அழுவுது அங்க."

நான் உள்ளே போனேன். அழுக்குப் புடவை மூட்டையாகச் சுருட்டிக் கதவோரம் இருந்தது. கன்னியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வழக்கமாக ஏதாவது கிண்டல் வரும். அன்றைக்கு இல்லை. கன்னத்தைப் பார்த்தேன். ஒன்பது நூலும் தனித்தனியாக இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புரியாக முறுக்கி, நுனியைப் பிளாஸ்திரிக்கு அடியில் செருகியிருந்தார். முறுக்கு என்றால் அப்படி ஒரு முறுக்கு, கண்ணாடி மாதிரி. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, 'அடடா' என்றுதான் வந்தது.

அந்தப் புரியை எண்ண முடியாது. எண்ண வேண்டுமென்றால் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். சிஸ்டர்கள் இருவரும் ஒரு கஷ்டப் பிரசவத்தில் இருந்தார்கள். கூப்பிட்டால் முதலில் கன்னியம்மாளுக்குத் திட்டு விழும். கதவுக்கு வெளியே செல்வி, "அக்கா" என்றாள். நேற்றுச் சாயங்காலம் ஒன்பது. புரி கனமாகத்தான் தெரிகிறது. ஒன்பதாகத்தான் இருக்கும்.

ஒன்பது கோடு போட்டேன்.

மூட்டையை என் கையாலேயே எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள்.

மதியத்துக்குச் சற்று முன்னால், வாய் கழுவிவிடப் போன சிஸ்டர் புரியைப் பார்த்துப் பதறி, இடுக்கியால் மெல்லப் பிரித்தார். எட்டு. திரும்ப எண்ணினார். எட்டு.

அடுத்த அரை மணி நேரத்தை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. கதவுகள், செருப்புச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுவது. ரேடியம் கிட்டே வந்தால் டிக் டிக் என்று அடிக்கும் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. கன்னியம்மாள் அறையில் இருக்கும் வரைக்கும் அந்த எட்டு ஊசிக்கே அது ஓயாமல் அடிக்கும். அதனால் அவரைக் கட்டிலோடு தோட்டத்துப் பக்கம் வெகு தூரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, அறையை மூலை மூலையாகப் பார்த்தார்கள். பெட்டி ஊமையாக இருந்தது. காலைக்குப் பிறகு வந்த சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம், தண்ணீர் போன சாக்கடை எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கன்னியம்மாளைக் கேட்டார்கள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் ஐயா சிலேட்டைப் பார்த்தார். "காலையில ஒன்பது இருந்திருக்கு. அப்ப கோடு விழுந்ததும் போன சாமான்ல இருக்காது. அதுக்கப்புறம் வெளியே போனது எதுலயும் இல்ல. ரூம்லயும் இல்ல. அப்ப ஒரே இடம்தான் பாக்கி. முழுங்கிட்டாங்க."

எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை. காத்திருக்க முடியாது, குடலில் நின்றால் ஓட்டை போடும் என்றார். மீதி எட்டையும் இப்போதே எடுத்துவிட்டு, ஜீப்பில் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான் என்றார். எட்டையும் பாதியில் எடுத்தால் கட்டி தங்கிவிடும் என்று அவருக்கும் தெரியும். முகம் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு இருந்தது அந்த ஒரே ஜீப். டிரைவர் அதைத் திருப்பி வாசலில் நிறுத்தினார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாருடைய கணக்கும் என் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. என் கோடு பொய். பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது இருந்ததா, எட்டு இருந்ததா என்று எனக்கே தெரியாது. ஒருவேளை நிஜமாகவே ஒன்பது இருந்து, அவர் முழுங்கியிருந்தால்? நான் சொல்லி வேலையும் போய், ஜீப்பும் வீணாகத் திரும்பி, அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசைதான். பண்ணவில்லை. டிரைவர் ஜீப்பின் பின் கதவைத் திறந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

பெரிய சிஸ்டர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"சிஸ்டர். ஒன்பது இல்ல."

"இன்னா?"

"காலையில நான் எண்ணல. நூலு முறுக்கியிருந்துச்சு. எண்ணாம போட்டுட்டேன்."

டாக்டர் ஐயா திரும்பினார். "எண்ணாம போட்டியா? ஒன்பது கோடு, இதோ, அழகா போட்டிருக்கியே! இதை நம்பித்தானே..."

பெரிய சிஸ்டர் கையை உயர்த்தினார். "திட்டறதுக்கு சாயங்காலம் நேரம் இருக்கு டாக்டர். எஸ்தரு, இங்க வா. காலையில கோடு போட்டப்புறம் உள்ள இருந்து என்னென்ன வெளிய போச்சு?"

"நம்ம பெட்ஷீட்டு. எச்சில் கிண்ணம். அப்புறம் அந்தம்மா புடவை மூட்டை."

"மூட்டை எங்க?"

"மருமவ எடுத்துகினு போயிடுச்சு. தேவிகாபுரம் பஸ்ஸில."

பெட்ஷீட் சலவைக் கொட்டகையில் இன்னும் நனையாமல் கிடந்தது. பெட்டியை வைத்துப் பார்த்தார்கள், அடிக்கவில்லை. கிண்ணம் கொட்டிய குழியிலும் அடிக்கவில்லை. மிச்சம் மூட்டை, இல்லையென்றால் வயிறு. ஜீப் ஒன்றுதான். டாக்டர் ஐயா ஜீப்பைப் பார்த்தார், தோட்டத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"அந்தம்மாவை நான் ஒரு தரம் கேக்கட்டுமா?" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

தோட்டத்துக்குப் போனோம். எல்லாரும் அவரை "ஊசி எங்க, ஊசியை இன்னா பண்ணீங்க" என்றே கேட்டிருந்தார்கள். ஊசி அவருடையது இல்லை, டாக்டருடையது. தொலைந்தால் பழி வரும் பொருள். நான் எட்டி நின்று, "அக்கா, அந்தப் பட்டு நூலை எங்க போட்டீங்க?" என்றேன்.

கன்னியம்மாள் கண்ணைத் திறந்தார். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"பட்டை யாராவது போடுவாங்களாடி? நெசவு வூட்டுப் பொண்ணுதானே நீ? மடியில முடிஞ்சு வெச்சேன்."

"எந்தப் புடவை மடியில?"

அப்போதுதான் அவருக்கே புரிந்தது. முகம் கோணிக்கொண்டது. "ராவுல கை சும்மா இல்லாம நூலை முறுக்கிகினு இருந்தேன். விடியகாலையில ஒண்ணு கழண்டு வாயில வந்து நின்னுச்சு தங்கச்சி. சொன்னா மறுபடியும் குத்துவாங்களேன்னு பயம். வெளிச்சம் வந்ததும் பெரிய சிஸ்டரம்மா கையில குடுத்துடலாம்னு முடிஞ்சேன். புடவை மாத்தறப்ப மறந்தே போச்சு. செல்வி எடுத்துகினு போச்சா? குழந்தை கீதே அங்க! ஐயோ, குழந்தை கீதே!"

பேசக் கூடாத வாயால் கத்தினார். ஒரு சிஸ்டர் அவர் பக்கத்தில் நின்றார். நாங்கள் ஜீப்பில் ஏறினோம். டாக்டர் ஐயா, பெரிய சிஸ்டர், ஈயக் குடுவை, நீளப் பிடி வைத்த இடுக்கி, மடியில் பெட்டியோடு நான். மூட்டையை அடையாளம் காட்ட என்னை ஏற்றினார்கள். வயல்காட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது டாக்டர் ஐயா, "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். அவருக்கே தெரியும்.

செல்வி வீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜீப்பைப் பார்த்ததும் மாமியார் செத்துவிட்டார் என்று நினைத்து, "ஐயோ அத்த!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தைக்கு ஒண்ணும் இல்ல. காலையில எடுத்துகினு வந்த மூட்டை எங்க?" என்றேன்.

"மூட்டையா? மாட்டுக் கொட்டாய்ல கீது."

"தொவைக்கலியா?"

"மடியில முடிச்சு கீதுக்கா. அத்தை ஏதோ முடிஞ்சு வெச்சிருக்கு. அவங்க முடிச்சை நான் அவுக்கலாமா? அவங்களே வந்து அவுக்கட்டும்னு கொடியில போட்டுட்டேன்."

கொட்டகை வாசலுக்குப் போகும்போதே என் கையில் பெட்டி அடிக்க ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு மழை தகரத்தில் விழுகிற மாதிரி. பசு மிரண்டு கயிற்றை இழுத்தது. பெரிய சிஸ்டர் எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டுத் தான் மட்டும் போனார். இடுக்கியால் முடிச்சைப் பிரித்தார். கறுப்புப் பட்டு நூல், அதன் நுனியில் ஊசி. குடுவைக்குள் போட்டு மூடியதும் பெட்டி நின்றது. அந்த அமைதியில் குழந்தை மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தது.

டாக்டர் ஐயா செல்வியிடம் மூட்டையை எப்படிக் கொண்டுவந்தாள், எவ்வளவு நேரம் இடுப்பில் இருந்தது, குழந்தை அதன் கிட்டே போனதா என்று துருவித் துருவிக் கேட்டார். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். வந்ததும் கொடியில் போட்டுவிட்டாள். குழந்தை கொட்டகைப் பக்கமே போகவில்லை. "கொஞ்ச நேரம்தான். தோல் சிவந்தா வந்து காட்டு. ஒண்ணும் ஆகாது" என்றார். மீதி எட்டு ஊசியையும் பாதியில் எடுக்கவில்லை. கணக்குப் போட்டுச் சற்று அதிக நேரம் வைத்திருந்து எடுத்தார். கட்டி கரைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டைத் தள்ளினார். "நடந்ததை உன் கையால எழுது." நான் எழுதினேன். 'நான் எண்ணவில்லை. எண்ணினதாகக் கோடு போட்டேன்.' அவர் படித்துவிட்டு, "ண, ன சரியாத்தான் போட்டிருக்க" என்றார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடு. அப்புறம் அந்தம்மாகிட்ட போயி உன் பங்கை சொல்லிடு. தான் மட்டும்தான் தப்பு பண்ணதா நினைச்சுகினு படுத்திருக்காங்க."

சரி சிஸ்டர் என்றேன்.

நான் போகவில்லை. அன்றைக்குக் களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் அவர் அழுதுகொண்டிருந்தார், இப்போது வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் அவர் கூட யாரோ இருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன அன்று சலவைக் கொட்டகையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கன்னியம்மாள் தலை குனிந்தபடி செல்வியைப் பிடித்துக்கொண்டு போனார். டாக்டர் ஐயா முன்னால் ஒத்துக்கொண்டேனே, அதற்கு மேல் என்ன என்று இருந்துவிட்டேன். பிறகு சிலேட்டும் திரும்ப என் கைக்கு வந்தது. ஒரு நாளும் எண்ணாமல் கோடு போட்டதில்லை. என்னை நல்ல வேலைக்காரி என்றார்கள்.

எண்பதுகளில் ரேடியத்தை ஈயப் பெட்டிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு மருந்து, வேறு மிஷின் வந்தது. அந்த அறை ஸ்டோர் ரூம் ஆனது. அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, செல்வி தன் பெரிய பெண்ணைக் காது வலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் இடுப்பில் இருந்த அதே குழந்தை, பள்ளிக்கூடப் பாவாடையில். எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் என் கண் செல்வியின் இடுப்புக்கே போய்ப் போய் வந்தது.

"இன்னாக்கா, என் இடுப்பையே பாக்கற? சதை போட்டுட்டேனா?"

"இல்ல... அங்க தோலு கீலு சிவந்துச்சா அப்புறம்?"

"எத்தினி வருசம் ஆச்சு, இப்ப கேக்கறியே! ஒண்ணும் ஆவலக்கா. நல்லாதான் கீறேன்."

"அத்தை எப்படி இருக்காங்க?"

"அது போயி ரெண்டு வருசம் ஆவுது. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சு, போயிடுச்சு. கன்னத்துல ஒண்ணும் திரும்ப வரல."

அப்போது சொன்னேன். வராண்டாவிலேயே நின்று, அந்தப் பெண் காதைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். நூல் முறுக்கியிருந்தது, நான் பார்த்தேன், எண்ணவில்லை, ஒன்பது என்று போட்டேன், எண்ணியிருந்தால் மூட்டை அறையைத் தாண்டியிருக்காது என்று.

செல்வி பெண்ணைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"அத்தை அதுக்கப்புறம் பாவு பிணைக்கவே இல்லக்கா," என்றாள். "வாய் நல்லா ஆயிடுச்சு, கையும் நல்லாத்தான் இருந்துச்சு. தறிக்காரங்க எல்லாம் வந்து கூப்டாங்க. 'பேத்தியைக் கொல்லப் பாத்த கை இது, நூலைத் தொடாது'ன்னு சொல்லிடுச்சு. வூட்டுல சும்மா உக்காந்துகினு, புடவை ஓரத்தைக் கூட முறுக்காம, கையை மடியில கவுத்து வெச்சிகினு இருக்கும். நாங்க எவ்ளோ சொன்னோம். கேக்கல."

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ ஒரு நாள் பஸ் ஏறி வந்து இதைச் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மருந்து எங்கே வாங்குவது என்று கேட்டாள். காட்டினேன். பெண்ணின் தலையைத் தடவி, "ஆன்ட்டிக்கு வணக்கம் சொல்லு" என்றாள். அதுவும் சொன்னது.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, இப்போது நீங்கள் மிஷினில் எண்ணைப் பார்த்து எழுதுகிறீர்கள். எழுதும்போது பார்த்து எழுதுங்கள், அதை உங்கள் சிஸ்டர்களே சொல்வார்கள். தப்பு ஆகிவிட்டால் மேலே இருப்பவர்களிடம் சொல்லுங்கள், அதையும் சொல்வார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதைத்தான் அன்றைக்கு உங்கள் முன்னால் எனக்குச் சொல்ல வரவில்லை. உங்கள் தப்பின் பாதியைத் தன்னுடையது என்று சுமந்துகொண்டு ஒரு நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். அவர் வீடு எங்கே என்று கேட்டு, அன்றைக்கே போங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்குத் தேவிகாபுரம் ஒரு பஸ் தூரம்தான் இருந்தது.

செல்வி கேட்டைத் தாண்டும் வரைக்கும் நான் வராண்டாவில் நின்றேன். திரும்பிப் பார்த்து, "வரேங்க்கா" என்றாள். அவள் கோபப்படவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கழித்து இதை எழுத வேண்டி வந்திருக்காது.